வரிப் பேரேட்டில் ஏறாத வாசல்கள்

வரி கட்டாதவனுக்கு மன்றத்தின் பணத்தில் பங்கு இல்லை என்றொரு வாதம் உண்டு. தோட்ட மக்கள் சாக்கடை கேட்டாலும், தெருவிளக்குக் கேட்டாலும், குப்பை வண்டி கேட்டாலும் இந்த வாதமே முன்னால் வந்து நிற்கிறது. நம்மவர்களிலும் பலர் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நியாயம் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் பற்று வரவைப் பிரித்து வைத்துப் பார்த்தால் இது பாதி நியாயம். மீதிப் பாதி அநியாயம். அதை எடுத்துக் காட்டுவதே இத்தலையங்கத்தின் நோக்கமாகும்.

மலாக்கா, மூன்று மாவட்டங்களும் நான்கு ஊராட்சி மன்றங்களும் கொண்ட சிறிய மாநிலம். 2003 ஏப்ரல் 15ஆம் நாள் மலாக்கா நகரம் மாநகரத் தகுதி பெற்றது. அதை ஆள்வது மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம். அலோர் காஜாவுக்கும் ஜாசினுக்கும் தனித்தனி நகராண்மைக் கழகங்கள் உண்டு. ஆயர் குரோவைச் சுற்றிய பகுதிக்கு 2010இல் ஹாங் துவா ஜெயா நகராண்மைக் கழகம் அமைந்தது. நம் மக்கள் இன்னும் லயத்தில் இருந்தாலும் சரி, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கோ மலிவு விலை அடுக்கு வீட்டுக்கோ போய்விட்டாலும் சரி, இந்த மன்றங்களின் செயல் அவர்கள் வாழ்வைத் தொடாமல் இருப்பதில்லை. ஆகவே மன்றத்தின் பணப்பெட்டி எங்கிருந்து நிரம்புகிறது, எந்த வழியாகக் காலியாகிறது என்று அறிவது, மாதக் கடைசியில் கூலிக் கணக்கைச் சரிபார்ப்பது போலவே நமக்கு அவசியம்.

பணம் வரும் வழி

மன்றத்தின் முதல் வருமானம் வீட்டு வரி. மதிப்பீட்டு வரி என்று பத்திரிகைகளும், சுக்காய் பிந்து என்று அக்கம்பக்கத்தாரும் சொல்வது இதைத்தான். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் இவ்வரியை விதிக்கும் உரிமையை மன்றத்துக்குத் தருகிறது; மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதை அவ்வீட்டின் ஆண்டு மதிப்பு என்கிறார்கள். அந்த மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று வரி. கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். மாதம் 300 வெள்ளி வாடகை பெறக்கூடிய வீட்டின் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி. விகிதம் 10 விழுக்காடாக இருந்தால் ஆண்டு வரி 360 வெள்ளி. ஜனவரியில் பாதி, ஜூலையில் பாதி என்று 180 வெள்ளியாக இரு தவணை கட்ட வேண்டும். 35 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம் வகுத்த உச்ச வரம்பு.

இதற்கு அடுத்தபடி, கடைகளுக்கும் அங்காடிகளுக்கும் வழங்கும் லைசென்ஸ் கட்டணம், சந்தைக் கடை வாடகை, வாகனம் நிறுத்தும் கட்டணம், அபராதம் ஆகியவை. அரசாங்கக் கட்டடங்கள் மற்றவை போல் வரி கட்டுவதில்லை. அதற்கு ஈடாக ஒரு தொகையை மன்றத்துக்குத் தரவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 156ஆம் பிரிவு சொல்கிறது.

மூன்றாவது, மேலிருந்து வரும் மானியம். 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஊராட்சி மன்றங்களின் செலவுக்காக மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. மாநிலச் சாலைகளைப் பராமரிக்கவும் மத்திய அரசின் பணம் வருகிறது. பதிவில் உள்ள சாலையின் நீளத்தைப் பார்த்து அந்தப் பணம் கணக்கிடப்படுகிறது. பெரிய காரியங்களுக்கு மாநில அரசின் சம்மதம் பெற்று மன்றம் கடன் வாங்கலாம். மலாக்கா ஆற்றைச் சுத்தப்படுத்திக் கரைகட்டி நடைபாதை போட்டது போன்ற பெருவேலைகள், வீட்டு வரியை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. அரசாங்கம் பெரும்பணம் போட்டால்தான் அவை நடக்கும்.

நான்காவது வழிதான் நாம் கண்ணை அகல விரித்துப் பார்க்க வேண்டிய வழி. ஒரு நிலத்தில் வீடமைப்புத் திட்டம் போடும் நிறுவனத்திடமிருந்து மன்றம் பணம் வாங்குகிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் மேம்பாட்டுச் சேவை நிதி என்று ஒன்று உண்டு. புதிய குடியிருப்பினால் வடிகாலுக்கும் சாலைக்கும் ஏற்படும் செலவுக்காகத் திட்டக்காரர் செலுத்தும் பணம் இந்த நிதியில் சேருகிறது. நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ், திட்ட அனுமதியால் நிலத்தின் மதிப்பு உயரும்போது மேம்பாட்டுக் கட்டணம் வாங்கவும் வழியிருக்கிறது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவதற்கான பிரிமியம் தனியே மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது.

இந்தக் கணக்கில் தோட்டம் எங்கே?

இப்போது அந்தப் பழைய வாதத்துக்கு வருவோம். தோட்டத் தொழிலாளி வரி கட்டவில்லையாம். உண்மைதான், அவன் பெயர் செக்ரோலில் இருக்கிறது, வரிப் பேரேட்டில் இல்லை. அவன் குடியிருந்த வாசல் அவனுடைய வாசல் அல்ல. ஆனால் தோட்டம் மன்ற எல்லைக்குள் இருந்து வரி விதிக்கப்பட்டால், அந்த வரியை நிர்வாகம் எதிலிருந்து கட்டுகிறது? விடியற்காலையில் பால்மரத்தைச் சீவியவனும், வெயிலில் செம்பனைக் குலையைச் சுமந்தவனும் ஈட்டிக் கொடுத்த பணத்திலிருந்துதான். பட்டணத்தில் வாடகைக்கு இருப்பவனின் பெயரும் பேரேட்டில் இல்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையோடு சேர்ந்து அவன் தலையில்தான் விழுகிறது. ஆயினும் அவன் தெருவில் விளக்கு எரிகிறது. ஜாசின் சந்தையில் காய்கறி வாங்கும் தோட்டத்துப் பெண், சந்தைக் கடை வாடகையில் ஒரு பங்கைத் தக்காளி விலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறாள். ஆகவே வரி கட்டாதவர்கள் என்று நம்மைச் சொல்வது கணக்குத் தெரியாதவர் பேச்சு.

வாதத்தில் நியாயமான பாதி எது? தோட்டம் தனியார் நிலம். தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைக் கொட்டினால் நிலம் உரிமையாளருடையதாகவே இருக்க, அதன் மதிப்பு மட்டும் ஊரார் பணத்தில் உயரும். இதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். லயத்தைப் பழுது பார்ப்பது முதலாளியின் கடமை. தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்ச நிலைச் சட்டம் 1990இல் வந்தது. குழாய்த் தண்ணீர் இலவசமாகவும் போதுமான அளவிலும் இருக்க வேண்டும், மின்சாரம் வேண்டும், கட்டடம் பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று அது முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகாவின் பொறுப்பு. கூரை ஒழுகினால் மனு அங்கே போக வேண்டும்; மன்றத்துக்கு அல்ல. இதில் நமக்குக் குழப்பம் வேண்டாம்.

ஆனால் தனியார் நிலம் என்ற ஒரே சொல், தோட்டத்து வாசலில் எத்தனை பூட்டுகளைப் போட்டுவிட்டது என்று பாருங்கள். தோட்டத்துச் செம்மண் பாதை தனியார் பாதை. சாலை மானியக் கணக்கில் அதன் நீளம் ஏறாது. வீட்டைப் பழுதுபார்க்க ஏழைகளுக்கு உதவும் கிராமப்புற வீட்டு உதவித் திட்டத்துக்கு மனுச் செய்ய, சொந்த நிலம் வேண்டும் அல்லது நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். லயத்துக்காரனிடம் முதலாவது இல்லை. இரண்டாவதை யார் கொடுப்பார்? நிலம் உள்ளவனுக்கே வீட்டு உதவி என்றால், நூறாண்டுக்கு மேல் பிறர் நிலத்தில் உழைத்தவனுக்கு அந்த உதவி எட்டாக்கனிதான்.

பிரச்சினை பழையது

இந்த மலாக்கா மண்ணில்தான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார்; பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் கண்டார். மலாயாவின் வாணிப ரப்பர்த் தோட்டங்களுக்குத் தொடக்கம் அதுவே. அன்று முதல் தோட்டம் என்பது ஊர் அல்ல, வேலைத்தலம் என்றே எண்ணப்பட்டது. ஆயிரம் பேர் குடியிருந்தாலும், கோயிலும் பள்ளியும் கள்ளுக்கடையும் இருந்தாலும், அது ஊராகவில்லை.

அவசரகாலத்தில் புதுக்கிராமங்கள் எழுந்தன. 1952இல் உள்ளூர் மன்றங்கள் சட்டம் வந்தது. புதுக்கிராமங்கள் பலவற்றில் அதன்கீழ் மக்களே தேர்ந்தெடுத்த மன்றங்கள் அமைந்தன. தமக்கென வரி விதித்துத் தம் சாக்கடையைத் தாமே வெட்டிக் கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. தோட்டத்துக்குக் கிடைத்ததோ நிர்வாகத்தின் தயவு மட்டுமே. நல்ல மானேஜர் வந்தால் சுண்ணாம்பு அடிபடும். வேறொருவர் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

அதே 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன; கூறுபோட்ட இடங்களில் தொழிலாளி வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தான். அந்த வேதனைக்கு விடையாகத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி சிறுகச் சிறுகக் கொடுத்த பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நிலம் இல்லாதவன் குரல் எடுபடாது என்ற பாடத்தை நமக்கு முந்திய தலைமுறை அனுபவித்தே கற்றது.

மன்றத்தில் பேச வாய்ப்பாவது இருந்ததா? நாட்டில் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் தொடங்கி மற்ற நகரங்களுக்கும் பரவியது. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த வேளையில், 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் செயலை ஆராய நியமிக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி. நாகப்பன். 1968 இறுதியில் அளிக்கப்பட்ட அவ்வறிக்கை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை ஒழித்து நியமனத்தை நிலைநாட்டியது. இன்றுவரை மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமலும் நியமிக்கலாம். வரி கட்டுபவனுக்கும் வாக்கு இல்லை, வரி கட்டாதவனுக்கும் வாக்கு இல்லை. இந்த ஒன்றில் மட்டும் பட்டணத்தாரும் நாமும் சமமாகி விட்டோம்!

தோட்டம் தாமானாகும்போது

நமது உயிர்நாடியான கேள்வி இதுதான். பட்டணம் வளர்கிறது. நேற்று நிரை பிடித்து நின்ற பால்மரங்களை வீழ்த்திவிட்டு இன்று வரிசை வீடுகள் எழுகின்றன. நிலத்தை விற்ற நிறுவனத்துக்கு இலாபம். மாநிலத்துக்குப் பிரிமியம். மன்றத்துக்கு மேம்பாட்டுச் சேவை நிதி. பின்னர் ஒவ்வொரு புது வாசலுக்கும் ஆண்டுதோறும் வீட்டு வரி. இத்தனை பேருக்கும் வரவு எழுதும் அந்தப் பேரேட்டில், அதே மண்ணில் மூன்று நான்கு தலைமுறை குடியிருந்த தொழிலாளிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? வேலை நீக்க நிவாரணம் என்று ஒரு தொகை கைக்கு வரும். வீட்டுக்கு? அது பேச்சு வார்த்தைக்கும் கெஞ்சலுக்கும் உரியதாக இருக்கிறதே தவிர, தானாக வந்து சேரும் உரிமையாக இல்லை.

வடிகாலுக்குப் பணம் கட்டாமல் தாமான் கட்ட முடியாது என்று சட்டம் இருக்கலாம் என்றால், அங்கே குடியிருந்தவனுக்கு வீடு கொடுக்காமல் தாமான் கட்ட முடியாது என்று ஏன் இருக்கக் கூடாது? தண்ணீர் ஓட வழி வேண்டும் என்று கவலைப்படும் சட்டம், மனிதன் போக வழி வேண்டும் என்றும் கவலைப்பட வேண்டாமா? இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. காட்டை நிலமாக்கியவன், அந்த நிலம் மனையாகும்போது கேட்கும் பங்கு இது.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு நம் இனத்தாரிடமிருந்தே ஒரு சான்று காட்டுவோம். இலங்கை மலையகத் தோட்டங்களிலும் இதே தனியார் நிலம் என்ற பூட்டுத்தான் தொங்கியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தங்கள் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. பாதை போடவும் விளக்குப் போடவும் சபைக்கு மனமிருந்தாலும் அதிகாரமில்லை. மலையக மக்கள் இடைவிடாமல் குரல் கொடுத்தார்கள். 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. லயத்துக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு தனி வீடு என்ற திட்டமும் அங்கே நடைமுறைக்கு வந்தது. எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. சட்டம் மாறக் கூடியது என்பதற்கு அது சாட்சி.

கடல் கடந்து ஐரோப்பாவைப் பார்த்தாலும் பாடம் உண்டு. வியன்னா நகர மன்றம் 1923இல் வீட்டின் தரத்துக்கேற்ற வீடமைப்பு வரி போட்டது. மாளிகைக்குப் பெருந்தொகை, தொழிலாளியின் சிறு வீட்டுக்குச் சொற்பத் தொகை. அந்த வரியையும் மற்ற நகர வருமானத்தையும் கொண்டு 1934க்குள் ஏறத்தாழ 60,000 வீடுகள் கட்டப்பட்டன. அந்த மன்றம் மக்கள் வாக்கினால் வந்த மன்றம் என்பதை மறக்கக் கூடாது. 1934இல் ஆயுத பலத்தால் அது கலைக்கப்பட்டபோது, அந்த வீடமைப்புப் பணியும் நின்று போயிற்று. பணம் எங்கே போகும் என்பதை, யார் கை பெட்டியைத் திறக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது

மலாக்கா நகருக்கு உள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. ஆற்றங்கரையில் உள்ள கம்போங் மோர்த்தேன் 1920களில் உண்டான மலாய்க் கிராமம். அதற்கு உதவிய ஆங்கிலேய நில அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாநிலத்தின் 1988ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அக்கிராமம் காக்கப்படுகிறது. சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் எழுந்த பின்னும் அந்த மர வீடுகள் நிற்கின்றன. நல்லது, மகிழ்கிறோம். நிலமும் சட்டமும் துணை நின்றால் ஏழையின் வீடும் நிலைக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

ஜோங்கர் தெருப் பக்கத்துக் கதை வேறு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. 1999 முடியும் வரை தவணை தரப்பட்டது. அதன்பின் பழைய கடைவீடுகளின் வாடகை ஏறியது. தலைமுறையாகத் தொழில் செய்த எளியவர்கள் பலர் வெளியேறினர். 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலக மரபுச் செல்வப் பட்டியலில் ஏறின. கட்டடம் புதுப்பிக்கப்பட்டது, குடியிருந்தவர் போய்விட்டார். சுவரை மட்டும் காப்பாற்றி மனிதனைக் கைவிடுவது சீரமைப்பு ஆகாது.

இனி, தோட்டத்தை விட்டு மலிவு விலை அடுக்கு வீட்டில் குடியேறிய நம் குடும்பங்களின் நிலையைப் பார்ப்போம். இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வீட்டு வரி கட்டுகிறோமே, மின்தூக்கியையும் கூரையையும் மன்றம் வந்து பழுது பார்க்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். மன்றத்தின் வரி தெருவுக்கும் சாக்கடைக்கும் விளக்குக்கும் குப்பைக்கும் உரியது. அடுக்கு வீட்டின் கூரை, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை குடியிருப்போரின் பொதுச் சொத்து. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கு நிதியாகவும் கட்ட வேண்டும். அந்த ஒதுக்கு நிதிதான் நாளைக்குப் பெரிய பழுது வரும்போது கைகொடுக்கும்.

அதுவும் போதாத இடத்தில் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் வீட்டுப் பராமரிப்பு நிதி என்றொரு திட்டம் உண்டு. தனியார் கட்டிய மலிவு விலை அடுக்கு வீடுகளில் பெரும் பழுதுக்கு அரசாங்கம் 90 பங்கும், குடியிருப்போர் 10 பங்கும் போடுவது அதன் முறை. ஆனால் கூட்டு நிர்வாகக் குழு முறையாக இயங்காத இடத்திலிருந்து, கணக்கில்லாத இடத்திலிருந்து, எப்படி மனு எழும்பும்? அந்தப் பத்துப் பங்கைத் திரட்ட ஒற்றுமை இல்லாமல் தொண்ணூறு பங்கை இழப்பவர் யார்? நாமேதான். தோட்டத்தில் சந்தா கட்டிச் சங்கம் வளர்த்த மக்கள், அடுக்கு வீட்டுக்குப் போனதும் பக்கத்து வாசலுக்குக் கூடப் பேசாமல் கதவைச் சாத்திக்கொள்வது வெட்கத்துக்குரியது.

வீட்டுக் கடனிலும் இதே அலட்சியம் உண்டு. 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளர் மலிவு விலை வீடு வாங்குவதற்காக, தேசிய சேமிப்பு வங்கியின் வழியாக 50 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. வட்டி 4 விழுக்காடு. தவணை 40 ஆண்டு. தகப்பன் கட்டி முடிக்காததைப் பிள்ளை தொடரலாம். அறிவிப்பு வந்த அன்று கைதட்டினோம். கைதட்டியதோடு சரி என்று விட்டவர்கள் எத்தனை பேர்! இத்தகைய திட்டம் இனி வரும்போதெல்லாம், மனுத்தாளை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் நிரப்பிக் கொடுப்பது கிளைத் தலைவர்களின் வேலையாக இருக்க வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். மனு எழுதிய பிள்ளைக்குத்தான் வீடு என்பது இந்தக் காலத்து நியதி.

நாம் கேட்பதும், நாம் செய்ய வேண்டியதும்

அரசாங்கத்திடமும் மன்றங்களிடமும் நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, தோட்ட நிலம் கட்டட நிலமாக மாறும் எந்தத் திட்டத்துக்கும், அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்று வீடு என்பது அனுமதிக்கான நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம், கையொப்பமிட்ட நிபந்தனை வேண்டும்.

இரண்டாவது, மன்ற எல்லைக்குள் இருக்கும் லயங்களுக்குக் குப்பை எடுப்பு, தெருவிளக்கு, கொசு ஒழிப்பு ஆகிய சேவைகள் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் செய்து வழங்கப்பட வேண்டும். செலவில் நிர்வாகத்தின் பங்கை வாங்கிக் கொள்ளட்டும். டெங்கிக் கொசு தனியார் நிலம், பொது நிலம் என்று பார்த்துக் கடிப்பதில்லை.

மூன்றாவது, மன்ற உறுப்பினரை நியமிக்கும்போது, தம் சமூகத்தின் நலனைப் பேசத் தக்கவரையும் நியமிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்ட மக்கள் ஒரு சமூகமாக இருந்தே வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச, அவர்களுள் ஒருவரே அமர வேண்டும்.

நான்காவது, ஊராட்சித் தேர்தல் திரும்ப வேண்டும். ஆதி. நாகப்பன் ஆணையம் சொன்ன சொல் பழசாகிவிடவில்லை.

இனி, நாம் செய்ய வேண்டியவை. தாமானில் வீடு வாங்கியவர்கள் வரிச் சீட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாமல் படிக்க வேண்டும். புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது, மதிப்பு அதிகம் என்று தோன்றினால் ஆட்சேபம் தெரிவிக்க உரிமை உண்டு. பட்டியலைத் திருத்தக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். வாயால் முணுமுணுப்பது கணக்கில் சேராது. பாக்கி வைத்தால் தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கட்ட முடியாத நிலை வந்தால், ஒளியாமல் போய்த் தவணை கேட்க வேண்டும். கோயிலுக்கும் பொதுப் பள்ளிக்கும் இடுகாட்டுக்கும் வரி விலக்குக் கோரச் சட்டத்தில் இடமிருக்கிறது. கோயில் நிர்வாகத்தார் விலக்குப் பெற்றிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றம் தீர்மானம் போட்டு மூடினாலன்றி, பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பதும் சட்டம். நம்மில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறோம்? ஒவ்வொரு கிளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இருவரை அனுப்பி, அவ்வாண்டு எந்தச் சாக்கடைக்கும் எந்தச் சாலைக்கும் எத்தனை வெள்ளி ஒதுக்கினார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் செய்ய வேண்டும். அதைக் கிளைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

லயத்தில் இருப்பவர்கள் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதுங்கள். அடுக்கு வீட்டில் இருப்பவர்கள் குழுவைக் கூட்டுங்கள். தாமானில் இருப்பவர்கள் வரிச் சீட்டோடு மன்றத்துக்குப் போங்கள். எந்தக் கதவு எதற்கு உரியது என்று தெரியாமல் எல்லாக் கதவையும் தட்டி அலுத்துப் போனதனால்தான் நம் கோரிக்கைகள் சிதறிப் போயின.

மன்றத்தின் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டுக்காரன் வரியும், குடியிருப்பவன் வாடகையும், கடைக்காரன் லைசென்ஸும், தோட்டம் அழிந்து வீடான நிலத்தின் விலையும் சேர்ந்துதான் அந்தப் பெட்டி நிரம்புகிறது. அதில் நம் வியர்வை இருக்கிறது. அந்த வியர்வைக்குச் சீட்டுக் கொடுக்கப்படவில்லை என்பதனால் அது வரவே இல்லை என்று ஆகிவிடாது. சீட்டைக் கேட்டு வாங்க வேண்டியது நம் சங்கத்தின் கடமை. சங்கத்தின் பின்னால் நிற்க வேண்டியது தோழர்களே, உங்கள் கடமை.